‘வளர்ற பிள்ளைதானே’ என்று பெரிய வண்டி வாங்கலாமா? சிறுவர்களுக்கு ஸ்னோ பைக் தேர்வு செய்வது எப்படி?

பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். ‘அடுத்த வருஷமும் போட்டுக்கலாம்’ என்பது கணக்கு. சட்டைக்கு இது சரி. ஆனால் முழங்கால் அளவு பனியில், மலைச்சரிவில் ஓடும் ஒரு மோட்டார் வண்டிக்கு இதே கணக்கைப் போட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்னோ பைக் ஓட்டும் குடும்பங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் மோதிக்கொள்ளும் கேள்வி இது.

ஸ்னோ பைக் என்றால் என்ன, சிறுவர்களுக்கும் உயரமும் எடையும் குறைந்த பெரியவர்களுக்கும் அதை எப்படித் தேர்வு செய்ய வேண்டும், எங்கே ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஸ்னோ பைக் என்பது என்ன?

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். பார்க்க மோட்டார் பைக் மாதிரியே இருக்கும். ஆனால் முன்னால் சக்கரம் இருக்காது. அதற்குப் பதில் அகலமான ஒற்றை ஸ்கீ. பின்னால் டயர் இருக்காது. அதற்குப் பதில் புல்டோசர் மாதிரி சுழலும் ரப்பர் டிராக்.

இது தனியாகத் தயாரிக்கப்படும் வண்டி அல்ல. கோடையில் மண் தடத்தில் ஓடும் டர்ட் பைக்கிலிருந்து முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்விங் ஆர்ம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கிட்டைப் பொருத்துகிறார்கள். என்ஜின், ஹேண்டில்பார், சீட் எல்லாம் பழையதேதான். பனி உருகியதும் கிட்டைக் கழற்றி மறுபடியும் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள சாண்ட்பாயின்ட் என்ற சிறு நகரத்தில் வளர்ந்த டிம்பர்ஸ்லெட் நிறுவனம்தான் இந்தக் கிட்டைப் பரவலாக்கியது. ஸ்னோமொபைல் தயாரிக்கும் பெரிய நிறுவனமான போலாரிஸ் 2015-ல் அதை வாங்கியது. அதன் பிறகுதான் இந்த விளையாட்டு வேகமெடுத்தது.

முதலில் ஒரு கசப்பான உண்மை

எந்த மாடல் நல்லது என்று பார்ப்பதற்கு முன், மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டுவிடுவது நல்லது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஸ்னோமொபைல் ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் பரிந்துரை. 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்துக்கூட அழைத்துப் போகக் கூடாது என்கிறது அது. ஸ்னோ பைக் வேறு வடிவம் என்றாலும் பனியும் வேகமும் மரங்களும் ஒன்றுதான்.

பனிப் பிரதேசக் குடும்பங்கள் பலவும் இந்தப் பரிந்துரையைத் தாண்டித்தான் பிள்ளைகளுக்கு வண்டி கொடுக்கின்றன. அங்கே குளிர்காலம் ஐந்தாறு மாதம். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் மலைக்குக் கிளம்பும்போது பத்து வயசுப் பிள்ளையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வராது. அப்படிக் கொடுப்பது என்று முடிவெடுத்தால், அந்த வண்டி பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசைக்குப் பொருந்துவதாக அல்ல.

சீட் உயரமா, எடையா? எதை முதலில் பார்க்க வேண்டும்?

கடைக்குப் போனதும் எல்லோரும் பார்ப்பது, பிள்ளையின் கால் தரையைத் தொடுகிறதா என்பதைத்தான். சாலையில் ஓடும் பைக்குக்கு இது சரியான சோதனை. ஆனால் ஆழமான பனியில் ‘தரை’ என்று ஒன்று கிடையாது. ஊன்றிய கால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதே நேரம், ஆழமான பனியில் டிராக் புதைந்து நிற்பதால் பல சமயம் வண்டி தானாகவே நிற்கும்.

சீட் உயரம் முக்கியமே இல்லை என்று அர்த்தமல்ல. வண்டி நிறுத்தும் இடத்தில், இறுகிய பாதையில், டிரெய்லரில் ஏற்றி இறக்கும்போது கால் எட்ட வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி எடை. கீழே விழுந்த வண்டியைப் பிள்ளையால் நகர்த்த முடியுமா? காலின் மேல் விழுந்தால் காலை உருவிக்கொள்ள முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு. 450 சிசி டர்ட் பைக்கின் எடை சுமார் 110 கிலோ. சக்கரங்களைக் கழற்றி, கிட்டை மாட்டினால் மொத்தம் 140 கிலோவை ஒட்டி வந்துவிடும். 80 கிலோ எடையுள்ள ஆளுக்கு அது அவருடைய எடையைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு? நாலரை மடங்குக்கும் மேல். அப்பா ஓட்டும்போது ‘லைட்’டாகத் தெரியும் வண்டி, பிள்ளைக்கு மலை மாதிரி.

குழந்தைகளுக்கு எந்த பைக்?

8 முதல் 12 வயது வரை உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பேச்சு 110 சிசி டர்ட் பைக்கில்தான் தொடங்கும். டிம்பர்ஸ்லெட் நிறுவனம் ‘ரிப்பர்’ என்ற பெயரில் கொண்டுவந்த சிறுவர் கிட், இந்த வகை பைக்குகளுக்காகவே செய்யப்பட்டது. ஹோண்டா சிஆர்எஃப்110எஃப், கவாசாகி கேஎல்எக்ஸ்110, யமஹா டிடி-ஆர்110 ஆகிய மூன்றும்தான் இந்த வகையில் அதிகம் தென்படுபவை.

மூன்றுமே 70 முதல் 80 கிலோ எடை. ஆனால் சில வித்தியாசங்கள் உண்டு.

* ஹோண்டா சிஆர்எஃப்110எஃப்: சீட் உயரம் சுமார் 66 செ.மீ. கிளட்ச் லீவர் கிடையாது, கியரைக் காலால் மாற்றினால் போதும். செல்ஃப் ஸ்டார்ட் உண்டு. 2019 மாடலிலிருந்து கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்.
* யமஹா டிடி-ஆர்110இ: சீட் சுமார் 67 செ.மீ. இதிலும் கிளட்ச் லீவர் இல்லை. செல்ஃப் ஸ்டார்ட் உண்டு. கார்புரேட்டர் வண்டி.
* கவாசாகி கேஎல்எக்ஸ்110ஆர்: சீட் சுமார் 68 செ.மீ. இதன் ‘எல்’ வகை சுமார் 73 செ.மீ உயரம், கையால் இயக்கும் கிளட்ச்சும் உண்டு. கொஞ்சம் வளர்ந்த, கிளட்ச் பழகிய பிள்ளைகளுக்கு இது.

இதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் என்பது வெறும் விளம்பர வார்த்தை அல்ல. மலையில் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் என்ஜினின் சக்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். கார்புரேட்டர் வண்டியில் உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்றபடி ஜெட்டை மாற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். 110 சிசி என்ஜினிடம் இருப்பதே கொஞ்சம் சக்தி. அதையும் வீணாக்கக் கூடாது.

செல்ஃப் ஸ்டார்ட்டும் அப்படித்தான். ஆழமான பனியில் கிக்கரை உதைக்க ஊன்றுகால் எங்கே இருக்கிறது? பத்துமுறை உதைத்துக் களைத்துப்போன பிள்ளைக்கு வியர்க்கும். அந்த வியர்வைதான் பிறகு குளிரும்.

110 பத்தாமல் போனால்?

இங்கேதான் உண்மையான இடைவெளி இருக்கிறது. 110-ஐத் தாண்டி வளர்ந்துவிட்ட, ஆனால் பெரிய வண்டிக்கு இன்னும் எட்டாத 12, 13 வயதுப் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கான கிட் பொருந்தும் பந்தய பைக்குகளின் சீட் உயரமே 95 செ.மீ-ஐ ஒட்டி வரும்.

இந்த வயதில்தான் ‘வளர்ற பிள்ளைதானே’ என்ற குரல் சத்தமாகக் கேட்கும். ஆனால் வழிகள் வேறு உண்டு. 110-லேயே இன்னொரு குளிர்காலம் ஓட்டவைக்கலாம். சின்ன வண்டியில் நன்றாக ஓட்டப் பழகிய பிள்ளை, பெரிய வண்டியில் பயந்து ஓட்டும் பிள்ளையைவிட நிறையக் கற்றுக்கொண்டிருக்கும். இல்லையென்றால் சின்ன ஸ்னோமொபைல் பக்கம் போகலாம். யமஹா ஸ்னோஸ்கூட், ஆர்க்டிக் கேட் இசட்ஆர் 200 போன்றவை இந்த நடு வயதுக்காகவே வந்தவை. முன்னால் இரண்டு ஸ்கீ இருப்பதால் நின்றாலும் சாயாது.

பழைய கிட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாடல் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, டிராக்கும் பேரிங்கும் செயினும் உதிரியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். கிட்டை பைக்கோடு இணைக்கும் ‘ஃபிட் கிட்’ ஒவ்வொரு பைக் மாடலுக்கும் வேறு. கிட் மலிவாகக் கிடைத்தது, பைக்கில் பொருந்தவில்லை என்றால் பணம் போனது போனதுதான்.

உயரம் குறைந்த பெரியவர்களுக்கு?

ஐந்தடி உயரம், 50 கிலோ எடை. இப்படி இருக்கும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சந்தையில் தனி வண்டி கிடையாது. பெரிய வண்டியைத்தான் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘ஸ்னோ பைக் என்றால் 450 சிசிதான்’ என்று எல்லோரும் சொல்வார்கள். டிராக்கைச் சுழற்றவே என்ஜினின் சக்தியில் பெரும்பங்கு போய்விடுவதால், கனமான ஆட்களுக்கு அது உண்மை. ஆனால் 50 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே சக்தி தேவையில்லை. எடை குறைந்தவர்களுக்கு 250 சிசி நான்கு ஸ்ட்ரோக்கோ, செல்ஃப் ஸ்டார்ட் உள்ள 300 சிசி இரண்டு ஸ்ட்ரோக்கோ போதுமானதாக இருக்கும். என்ஜினின் சுழற்சி விசை குறைவதால் வண்டியைச் சாய்ப்பதும் எளிது.

டிராக் நீளத்திலும் இதே நியாயம்தான். பெரியவர்களுக்கான டிராக்குகள் பொதுவாக 120, 129, 137 அங்குல நீளத்தில் வருகின்றன. நீளமான டிராக் ஆழமான பனியில் மிதக்கும். ஆனால் திருப்புவது கஷ்டம், எடையும் கூடும். எடை குறைந்தவர் அவ்வளவாகப் புதைவதே இல்லை. அதனால் அவருக்கு 120 போதும். நீளமான டிராக் அவருக்குப் பலமல்ல, சுமை.

செட்டிங்தான் பாதி வண்டி

கடையிலிருந்து வரும் ஸ்பிரிங்குகள், பெரும்பாலும் கியரோடு 80 கிலோவைத் தாண்டும் ஆளை மனதில் வைத்துப் பொருத்தப்பட்டவை. 45 கிலோ ஆள் ஏறினால் சஸ்பென்ஷன் இறங்கவே இறங்காது. வண்டி உயரமாக நிற்கும், ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போடும். ‘எனக்கு ஓட்டத் தெரியலை’ என்று அவர் நினைத்துக்கொள்வார். தப்பு அவருடையது அல்ல, ஸ்பிரிங்குடையது.

அதனால் கிட்டுக்கு அடுத்த செலவு, எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்காக இருக்கட்டும். முன் ஃபோர்க், கிட்டின் இரண்டு ஷாக்குகள், ஸ்விங் ஆர்ம் ஷாக் இருந்த இடத்தில் வரும் ஸ்ட்ரட் என்று எல்லாவற்றையும் மென்மையாக்கினால் சீட்டும் கொஞ்சம் தாழும். அதன் பிறகும் எட்டவில்லை என்றால் சீட் ஃபோமைச் செதுக்கலாம்.

கிட்டின் முன்பகுதியில் லிமிட்டர் ஸ்டிராப் என்ற பட்டை ஒன்று இருக்கும். அதைச் சுருக்கினால் ஸ்கீ மீது அழுத்தம் கூடும். தளர்த்தினால் முன்பகுதி லேசாகும். எடை குறைந்தவர் ஹேண்டிலைத் திருப்பியும் வண்டி நேராகவே போகிறது என்றால், முதலில் தொட வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

கைக்கும் காலுக்கும் எட்டுவதைச் சோதிக்கும்போது, முழு குளிர் உடையோடு உட்காரவைத்துப் பாருங்கள். கடையில் டி-ஷர்ட் போட்டு எட்டும் லீவர், தடித்த கையுறையில் எட்டாது. பனி பூட்ஸின் முனை, கியர் லீவருக்கு அடியில் நுழையவே நுழையாது. லீவரைக் கொஞ்சம் மேலே தூக்கி மாட்ட வேண்டியிருக்கும். ஹேண்டில்பாரைச் சற்றுப் பின்னால் சுழற்றினால் குட்டைக் கைகளுக்கு எட்டும்.

இன்னொரு விஷயம், பிரேக். முன் சக்கரம் போவதால் அதன் பிரேக்கும் போய்விடும். பெரும்பாலான பெரிய கிட்களில் டிராக்கை நிறுத்துவது காலால் அழுத்தும் பிரேக்தான். நின்று ஓட்டும்போது சின்ன கால்களுக்கு அது தடுமாற்றம். சிலர் ரெக்லூஸ் போன்ற ஆட்டோ கிளட்ச்சைப் பொருத்தி, இடது கைக்கு ஒரு பிரேக்கை மாட்டிக்கொள்கிறார்கள். என்ஜின் அணைந்து அணைந்து நிற்கும் தொல்லையும் இதில் குறையும்.

ரேடியேட்டர் உள்ள வண்டி என்றால் தெர்மோஸ்டாட் அவசியம். பனியில் பிரச்சினை என்ஜின் சூடாவது அல்ல, சூடே ஆகாமல் இருப்பது. 110 சிசி வண்டிகள் காற்றால் குளிர்பவை. அவற்றுக்கு இது தேவைப்படாது. ஆனால் ஓட்டத் தொடங்கும் முன் கொஞ்ச நேரம் சூடாக விட வேண்டும்.

விட்டுக்கொடுக்கவே கூடாதவை

* கில் சுவிட்ச் கயிறு: ஒரு முனை பிள்ளையின் மணிக்கட்டில், மறுமுனை வண்டியில். விழுந்தால் கயிறு உருவி என்ஜின் நின்றுவிடும்.
* வேகக் கட்டுப்பாடு: ஹோண்டா 110-ல் ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு ஸ்க்ரூ மூலம் பெற்றோரே குறைத்து வைக்கலாம். முதல் சில நாட்கள் குறைத்தே வையுங்கள்.
* டிராக்கிலிருந்து தூரம்: என்ஜின் ஓடும்போது வண்டியைப் பின்னாலிருந்து தூக்கவோ தள்ளவோ கூடாது. தொங்கும் ஸ்கார்ஃப், நீளமான பெல்ட், ஷூ லேஸ் எதுவும் வேண்டாம்.
* ஹெல்மெட்: அண்ணனின் பழைய ஹெல்மெட்டில் துணி அடைத்துக் கொடுக்காதீர்கள். தலையின் அளவுக்கு, எடை குறைந்ததாக வாங்குங்கள். பிள்ளையின் கழுத்துதான் அதைச் சுமக்கிறது.
* உடை: பருத்தி கூடவே கூடாது, நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, வெளியே காற்றும் நீரும் புகாத உடை. உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்குத் தோலின் பரப்பு அதிகம். அதனால் பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்ந்துபோவார்கள்.

மலை எவ்வளவு சரிவு?

வண்டி எவ்வளவு சரியாக அமைந்தாலும், அதை எங்கே ஓட்டுகிறோம் என்பதுதான் கடைசித் தீர்ப்பு. பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் நடக்கின்றன. பிள்ளைகளோடு போகும்போது 30 டிகிரிக்குக் குறைவான சாய்வு மட்டுமல்ல, தலைக்கு மேலே செங்குத்தான சரிவு எதுவும் இல்லாத இடமாகவும் பார்க்க வேண்டும். மேலே இருந்து வரும் பனி, கீழே சமதளத்தில் நிற்பவரையும் மூடிவிடும்.

கிளம்பும் முன் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது கட்டாயம். கனடாவில் அவலாஞ்ச் கனடா, சாண்ட்பாயின்ட் பகுதியில் ஐடஹோ பேன்ஹேண்டில் அவலாஞ்ச் சென்டர் போன்ற அமைப்புகள் இதை வெளியிடுகின்றன. மலைப்பகுதிக்குள் போகும் ஒவ்வொருவரிடமும் டிரான்சீவர், மண்வாரி, பனியைக் குத்திப் பார்க்கும் கம்பி மூன்றும் இருக்க வேண்டும், சிறுவர்கள் உட்பட. டிரான்சீவர் பையில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். போனிலிருந்து குறைந்தது 20 செ.மீ தள்ளி, தேடும்போது 50 செ.மீ தள்ளி.

புதைந்தவரை உயிரோடு மீட்க முதல் 10 முதல் 15 நிமிடங்கள்தான் நல்ல வாய்ப்பு. மீட்புப் படை வரும்வரை காத்திருக்க முடியாது. கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். இந்த இடத்தில் யோசித்துப் பாருங்கள்: அப்பாவும் பத்து வயதுப் பிள்ளையும் மட்டும் போயிருக்கிறார்கள், புதைந்தது அப்பா என்றால்? பிள்ளையால் அவரைத் தோண்டி எடுக்க முடியுமா? அதனால்தான் அனுபவசாலிகள் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகளை மலைக்குள் அழைத்துப் போவதில்லை.

மரங்களின் அடியிலும் ஆபத்து உண்டு. ஊசியிலை மரங்களின் கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் பொறி போலக் குழிந்திருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. பிள்ளை எப்போதும் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஸ்னோ பைக்கை ஸ்னோமொபைலாகவே பதிவு செய்கிறார்கள். மினசோட்டாவில் 1976 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்த மாநிலவாசிகள் ஸ்னோமொபைல் ஓட்டப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். தமிழர்கள் அதிகம் வாழும் கனடாவின் ஒன்டாரியோவில் பொதுப் பாதைகளில் ஸ்னோமொபைல் ஓட்டக் குறைந்தது 12 வயது ஆகியிருக்க வேண்டும், உரிமமும் தேவை. போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. முழு உடையோடு உட்கார்ந்தால் இரண்டு கையும் இரண்டு காலும் எல்லா லீவருக்கும் எட்டுகிறதா?
2. சாய்ந்த வண்டிக்கு அடியிலிருந்து காலை உருவ முடிகிறதா? பெரியவர் பக்கத்தில் இருக்க, என்ஜினை அணைத்துவிட்டு, மெத்தென்ற பனியில் சோதித்துப் பாருங்கள்.
3. ஸ்பிரிங்கை எடைக்கு ஏற்ப மாற்றியாகிவிட்டதா?
4. கோடையில் இதே பைக்கைச் சக்கரத்தில் ஓட்டிப் பழகியாகிவிட்டதா? கியரையும் ஆக்சிலரேட்டரையும் பனியில் முதல்முதலாகக் கற்றுக்கொள்ளக் கூடாது.
5. பிள்ளை உண்மையிலேயே கேட்டதா, அல்லது வீட்டில் உள்ளவர்களின் ஆசையா?

ஐந்தாவது கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் வரவில்லை என்றால், இன்னொரு குளிர்காலம் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பனி அடுத்த வருஷமும் பெய்யும். முதல் நாளிலேயே வண்டிக்கு அடியில் மாட்டி, குளிரில் நடுங்கி அழுத பிள்ளை மறுபடியும் ஏற மாட்டேன் என்றால், அதை மாற்ற எந்த கிட்டாலும் முடியாது. அளவான வண்டியில், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ‘இன்னும் ஒரு ரவுண்டு’ என்று கேட்கும்போதே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் போதும். அடுத்த வாரம் ஹெல்மெட்டை அந்தப் பிள்ளையே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.